இந்தியா – தென்னாப்பிரிக்கா காகித வணிகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன் பக்கம் அச்சகம், ஸ்டேஷனரிக் கடை, அட்டைப்பெட்டித் தொழில் நடத்தும் நம் ஆட்களும், சிவகாசி, கரூர், ஈரோட்டிலிருந்து இந்த நாட்டுக்குச் சரக்கு அனுப்ப நினைப்பவர்களும் மாறி மாறிக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். பதில்களில் "இங்கே" என்றால் தென்னாப்பிரிக்கா, "அங்கே" என்றால் இந்தியா. ஒரு முறை விளக்கியதை மறுபடி எழுதாமல் கேள்வி எண்ணைக் கொடுத்திருக்கிறோம்.

1. இந்த ரெண்டு நாட்டுக்கும் நடுவுல காகித வியாபாரம்னா, என்ன போகுது, என்ன வருது?

இங்கிருந்து போவது பெரும்பாலும் நார்: மரக்கூழ், துணி இழைக்கான கரைகூழ், பெட்டி செய்யும் கிராஃப்ட் ரீல். அங்கிருந்து வருவது செய்து முடித்த சரக்கு: எழுதும் காகிதம், பூச்சு அட்டை, நோட்டு, டைரி, லேபிள், காலண்டர், அழைப்பிதழ், புத்தகம்.

காரணம் மரம். குவாசுலு-நடால், முமலாங்கா மாகாணங்களில் யூக்கலிப்டஸும் பைனும் கூழுக்கென்றே தோட்டமாக வளர்க்கப்படுகின்றன. மோண்டி நிறுவனத்தின் ரிச்சர்ட்ஸ் பே ஆலை யூக்கலிப்டஸ் கூழும், மேல்பக்கம் வெள்ளையான கிராஃப்ட் லைனரும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவது இந்த மரத்தை நம்பித்தான். இந்தியாவில் நார் எப்போதும் பற்றாக்குறை. அங்குள்ள ஆலைகள் உழவர் வளர்க்கும் சவுக்கு, சுபாபுல், யூக்கலிப்டஸ், கழிவுத்தாள், கரும்புச் சக்கை என்று கிடைப்பதைக் கொண்டு ஓடுகின்றன. அங்கே மலிவாகவும் திறமையாகவும் கிடைப்பது அச்சு, பைண்டிங் வேலை.

2. 47, 48, 49னு ஏஜென்ட் சொல்றாரே, அது என்ன கணக்கு?

சரக்குகளை வகை பிரிக்கும் சுங்கத்தின் எச்.எஸ். அட்டவணையில் வரும் அத்தியாய எண்கள். 47 என்றால் கூழும் கழிவுத்தாளும். 48 என்றால் காகிதம், அட்டை, அவற்றால் செய்த பெட்டி, உறை, நோட்டு. 49 என்றால் அச்சிட்ட புத்தகம், காலண்டர், வாழ்த்து அட்டை. அடிக்கடி வரும் நான்கு இலக்க எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 4702 கரைகூழ், 4703 சல்ஃபேட் முறைக் கூழ், 4707 கழிவுத்தாள், 4801 செய்தித்தாள் காகிதம், 4802 பூச்சில்லாத எழுது காகிதம், 4804 கிராஃப்ட், 4805 ஃப்ளூட்டிங்கும் (பெட்டி அட்டையின் நடு அலைத்தாள்) டெஸ்ட்லைனரும் (மறுசுழற்சி வெளித்தாள்), 4810 களிமண் பூச்சுக் காகிதமும் அட்டையும், 4819 பெட்டி, 4820 நோட்டும் டைரியும், 4821 லேபிள்.

முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்குப் பின் வருபவை அந்தந்த நாட்டின் சொந்தப் பிரிவு. அதனால் இந்தியாவின் எட்டு இலக்க எண்ணை இங்கே அப்படியே பில்லில் போட்டால் தப்பான பெட்டியில் போய் விழும்.

3. உம்கோமாஸ்ல சைக்கோர் மில்லுல செய்றது காகிதமே இல்லைங்கறாங்களே, நெசமா?

நிஜம்தான். சாப்பி நிறுவனத்தின் சைக்கோர் ஆலை கரைகூழ் செய்கிறது. மரத்திலிருந்து லிக்னின், ஹெமிசெல்லுலோஸ் எல்லாவற்றையும் நீக்கி, ஏறக்குறைய சுத்தமான செல்லுலோஸாக எடுப்பது. இது போய்ச் சேருவது நூல் ஆலைக்கு. விஸ்கோஸ் இழை ஆகிறது. விஸ்கோஸ் உற்பத்தியில் உலகின் பெரிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்பதால் அங்கே இதற்குத் தேவை உண்டு. சாப்பி தன் ங்கோட்வானா ஆலையிலும் 2013இல் ஒரு பகுதியைக் கரைகூழுக்கு மாற்றியது.

இது ஏன் முக்கியம் என்றால், "காகிதம், கூழ்" என்று ஒரே வரியில் போடும் அட்டவணையில் இந்தக் கரைகூழும் சேர்ந்துவிடும். பருத்தி விலையும் பாலியெஸ்டர் விலையும் ஏறி இறங்கும்போது அந்த வரியும் ஆடும். அதைப் பார்த்து "காகித வணிகம் சரிந்தது" என்று எழுதுகிறவர்கள் துணிச் சந்தையைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 4702ஐத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

4. போக்கு எப்படி இருக்கு? ஏறுதா, இறங்குதா?

ஒரே பதில் கிடையாது, வகைக்கு ஒன்று. செய்தித்தாள் காகிதம் இரு பக்கமும் தேய்கிறது, படிப்பவர்கள் போனுக்குப் போய்விட்டார்கள். எழுது காகிதம், நகல் காகிதம் பெரிதாக வளரவில்லை. பெட்டி, அட்டை, லேபிள் வகைதான் வளரும் பகுதி. இணையத்தில் வாங்கும் ஒவ்வொரு பொருளும் ஓர் அட்டைப்பெட்டியில் வருகிறது.

இடையில் மூன்று குலுக்கல்கள் வந்தன. முதலாவது சீனா. 2018இல் கலப்புக் கழிவுத்தாளைத் தடுத்து, மற்றதற்கும் 0.5 விழுக்காட்டுக்கு மேல் அழுக்கு கூடாது என்றது; 2021 ஜனவரி முதல் கழிவுத்தாள் இறக்குமதியையே நிறுத்திவிட்டது. நார் கிடைக்காத சீனப் பெட்டி ஆலைகள் இந்தியாவிலிருந்து மறுசுழற்சி கிராஃப்ட் ரீல் வாங்கின. இந்திய ஆலைகள் தூரச் சந்தைகளைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். இரண்டாவது 2021-22: கொரோனாவுக்குப் பிறகு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு, கன்டெய்னர் வாடகை பல மடங்கு, இந்தியக் காகித ஏற்றுமதி ஏறத்தாழ 14,000 கோடி ரூபாயைத் தொட்டது. மூன்றாவது அதற்கு அடுத்த இறக்கம்: தென்கிழக்கு ஆசியச் சரக்கு இந்தியாவுக்குள்ளேயே குவிய, விலை விழுந்தது. 2021-22ஐ அடிப்படை ஆண்டாக வைத்து யார் வரைபடம் போட்டாலும் நம்பாதீர்கள். உச்சியில் நின்று பார்த்தால் எல்லாமே பள்ளம்தான்.

5. சார்ஸ் எண்ணுல பாத்தா ரேண்ட் தொகை வருஷா வருஷம் ஏறிக்கிட்டேதானே இருக்கு?

சார்ஸ் என்பது இங்கத்த வரி, சுங்கத் துறை. அதன் கணக்கில் ஏறுவது ரேண்ட் எண்ணிக்கை. 2011 வாக்கில் ஒரு டாலர் 7, 8 ரேண்டுக்குள் இருந்தது; 2023இல் 18ஐத் தாண்டியது. ஆயிரம் டன் காகிதம், டன்னுக்கு 800 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 ரேண்ட் விகிதத்தில் 64 லட்சம் ரேண்ட். 18 விகிதத்தில் 1 கோடியே 44 லட்சம். சரக்கு ஒரு கிலோகூடக் கூடவில்லை, தொகை இரண்டேகால் மடங்கு. போக்கைப் பார்க்க டன்னைப் பாருங்கள். விலையைப் பார்க்க வேண்டுமானால் டாலரில் பாருங்கள். ரேண்ட் தொகை உங்கள் பேங்க் லோனுக்கு மட்டும் உதவும்.

6. இந்தியா சொல்ற ஏற்றுமதித் தொகையும் இங்கே சொல்ற இறக்குமதித் தொகையும் ஏன் ஒத்துப் போறதே இல்லை?

பலருக்கும் இது ஏமாற்று வேலை போலத் தோன்றுகிறது. பெரும்பாலும் கணக்கு முறைதான் வேறு. இந்தியா நிதியாண்டைப் பிரதானமாக வெளியிடுகிறது, ஏப்ரல் முதல் மார்ச் வரை. இங்கே ஜனவரி முதல் டிசம்பர். அதோடு, பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடியை விட்ட சரக்கு கொழும்பில் கப்பல் மாறி ஏப்ரலில் டர்பனில் இறங்கினால் இரு நாட்டுக் கணக்கிலும் வேறு வேறு மாதம்.

அடுத்தது மதிப்பு. உலகில் பெரும்பாலான நாடுகள் இறக்குமதியைக் கப்பல் கூலி, காப்பீடு சேர்த்து சி.ஐ.எஃப். முறையில் மதிப்பிடும், இந்தியாவும் அப்படித்தான். தென்னாப்பிரிக்கா இறக்குமதியையும் எஃப்.ஓ.பி. முறையில், அதாவது ஏற்றும் துறைமுக மதிப்பில் எடுக்கிறது. ஆகவே இந்தியாவிலிருந்து இங்கே வரும் சரக்குக்கு இரண்டு எண்ணும் கொஞ்சம் கிட்டத்தில் இருக்க வேண்டும். இங்கிருந்து அங்கே போகும் சரக்குக்கு இந்திய எண் கூடுதலாகத் தெரிய வேண்டும். கழிவுத்தாள் போன்ற விலை குறைந்த, இடம் அடைக்கும் சரக்கில் அந்த வேறுபாடு பெரிது, ஏனென்றால் கப்பல் கூலியே விலையில் பெரும் பங்கு.

மூன்றாவது, போய்ச் சேரும் நாடு. டர்பன் துறைமுகத்தில் இறங்கி ஜிம்பாப்வே, ஜாம்பியா, போட்ஸ்வானா போகும் சரக்கை இந்திய ஏற்றுமதியாளர் சில சமயம் "தென்னாப்பிரிக்கா" என்றே பில்லில் எழுதிவிடுவார். இங்கே அது வழிப்போக்குச் சரக்கு, இறக்குமதியில் சேராது. கூழில் இன்னொரு சிக்கல்: வணிகம் நடப்பது 10 விழுக்காடு ஈரம் சேர்த்த காற்றுலர் டன்னில். ஒருவர் அதை எழுத, இன்னொருவர் தராசு எடையை எழுதினால் அங்கேயும் ஓர் இடைவெளி. இத்தனைக்கும் பிறகு 10, 15 விழுக்காடு வித்தியாசம் இயல்பு. இரண்டு மடங்கு வித்தியாசம் என்றால் குறியீடு மாறியிருக்கிறது என்று தேடுங்கள்.

7. பத்து வருஷப் போக்கை நானே எடுக்கணும். எங்கே ஆரம்பிக்கறது?

இந்தியப் பக்கத்துக்கு வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி இறக்குமதித் தரவுத்தளம். இந்தப் பக்கத்துக்கு சார்ஸ் தளத்தின் மாதாந்தர வணிகப் புள்ளிவிவரம். இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க ஐ.நா.வின் காம்ட்ரேட் அல்லது சர்வதேச வணிக மையத்தின் (ஐ.டி.சி.) டிரேட் மேப். எல்லாமே இணையத்தில் கிடைப்பவை.

உங்களுக்கு வேண்டிய ஆறு இலக்க எண்களை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். "48 முழுவதும்" என்று எடுத்தால் கழிப்பறைத் தாளும் கிராஃப்ட் ரீலும் ஒன்றாகிவிடும். மாதத் தரவாக இறக்கி, ஜனவரி–டிசம்பராக நீங்களே கூட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் தொகையை எடையால் வகுத்து, கிலோ விலை என்று தனிப் பத்தி போடுங்கள். அந்தப் பத்திதான் பிழையைக் காட்டிக்கொடுக்கும்: நகல் காகிதம் திடீரென்று ஒரு மாதம் கிலோ 9 டாலர் என்று வந்தால், எடைக்குப் பதில் ரீம் எண்ணிக்கையோ பெட்டி எண்ணிக்கையோ போட்டிருக்கிறார்கள். சின்ன வணிகத்தில் ஒரே ஒரு பெரிய ஆர்டர் ஓர் ஆண்டையே தூக்கிவிடும் என்பதால் மூன்றாண்டு நகரும் சராசரி போடுங்கள்.

பழைய ஆண்டுகளுக்குப் போனால் குறியீடே மாறியிருக்கும். 4802க்குள் இப்போதுள்ள 480255, 480256, 480257 பிரிவுகள் 2002 திருத்தத்தில் வந்தவை. 2017 திருத்தத்தில் செய்தித்தாள் ரீலின் குறைந்தபட்ச அகலம் 36 செ.மீ.யிலிருந்து 28 ஆனது. அந்த இடைவெளியில் உள்ள ரீல்கள் வேறு எண்ணிலிருந்து 4801க்கு வந்தன. அந்த ஆண்டில் தெரியும் சின்னத் துள்ளலுக்குச் சந்தையில் காரணம் தேட வேண்டாம்.

8. டன் விலை சொல்றாங்க, நான் ரீம் கணக்குல விக்கறேன். எப்படி மாத்தறது?

ஏ4 தாளின் பரப்பு 0.21 × 0.297 = 0.06237 சதுர மீட்டர். 500 தாளுக்கு 31.185. அதை ஜி.எஸ்.எம். எண்ணால் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) பெருக்கினால் ரீமின் எடை கிராமில் வரும். 80 ஜி.எஸ்.எம். ரீம் 2.495 கிலோ, டன்னுக்குச் சுமார் 400 ரீம். 75 என்றால் 2.339 கிலோ, 427 ரீம். 70 என்றால் 2.183 கிலோ, 458 ரீம்.

டன் 900 டாலர் என்றால் 80இல் ரீம் 2.25 டாலர், 70இல் 1.96. "இந்த சப்ளையர் மலிவு" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் கொண்டுவருவது மெல்லிய தாளின் விலைப் பட்டியல்தான். ஐந்து ரீம் பெட்டியாக, பேலட் போட்டு ஏற்றினால் 20 அடி கன்டெய்னரில் 1,500 பெட்டிக்குள்தான் பிடிக்கும்; எடை வரம்பை எட்டுமுன் இடம் தீர்ந்துவிடும். பெட்டிக்கான கப்பல் கூலியை இந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள், எடை வரம்பால் அல்ல.

9. அப்படின்னா அங்கேயிருந்து ஏ4 கொண்டுவந்தா லாபம் நிக்குமா?

சாதாரண வெள்ளை ஏ4 என்றால், நிற்காது என்பதே எங்கள் கருத்து. மியர்பேங்க்கில் 1971 முதல் ஓடும் மோண்டி ஆலையின் ரோட்டாட்ரிம் ஏ4 உங்கள் கடையிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் கிடைக்கிறது, கடனுக்கும் கிடைக்கிறது. வெளியிலிருந்து வருவதிலும் இந்தோனேசியா, பிரேசில் சரக்கு விலையில் முந்தும். ஐரோப்பியச் சரக்குக்கு வரிச் சலுகை உண்டு. இந்திய ஆலைகளுக்கோ உள்நாட்டிலேயே ஆள் இருக்கிறது. அங்கே விலை இறங்கும்போது ஏற்றுமதிக்கு வருவார்கள், ஏறும்போது போனை எடுக்க மாட்டார்கள்.

அங்கிருந்து கொண்டுவரத் தகுந்தது கைவேலை கூடிய சரக்கு. நோட்டு, கெட்டி அட்டைக் கவுன்ட்டர் புக், பில் புக், லேபிள், அச்சிட்ட அட்டைப்பெட்டி. கரும்புச் சக்கைக் காகிதம் கேட்கும் வாடிக்கையாளர் இருந்தால் கரூர் காகிதபுரத்தின் டி.என்.பி.எல். போன்ற ஆலைகளைப் பார்க்கலாம். ஆனால் சக்கையில் காகிதம் செய்வது இங்கேயும் புதிதில்லை, ஸ்டாங்கரில் சாப்பி ஆலை அதைத்தான் செய்து வந்திருக்கிறது; "இந்தியாவில் மட்டுமே கிடைக்கும்" என்று சொல்லி விற்காதீர்கள்.

10. டூட்டி, வாட் எல்லாம் சேத்து எவ்வளவு ஆகும்?

டூட்டி எண்ணுக்கு எண் வேறு. சார்ஸின் முதல் அட்டவணை, முதல் பகுதியில் "ஜெனரல்" பத்தியைப் பாருங்கள். இந்தியச் சரக்குக்கு அந்தப் பத்திதான். 4901 புத்தகத்துக்கு டூட்டி இல்லை, ஆனால் வாட் உண்டு.

வாட் கணக்கில்தான் தடுமாறுகிறார்கள். எஃப்.ஓ.பி. மதிப்போடு அதில் 10 விழுக்காட்டைக் கூட்டி, டூட்டியையும் கூட்டி, அந்த மொத்தத்துக்கு 15 விழுக்காடு. சரக்கு 1,00,000 ரேண்ட், டூட்டி 10 விழுக்காடு என்று ஓர் உதாரணம்: 1,00,000 + 10,000 + 10,000 = 1,20,000. வாட் 18,000. வாட் பதிவு இருந்தால் அதைத் திரும்பக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் துறைமுகத்தில் கையிலிருந்து கட்டிவிட்டுத்தான். இறக்குமதியாளர் பதிவு, கிளியரிங் ஏஜென்ட், துறைமுக வாடகை, லாரி தனி.

11. ரெண்டு நாடும் பிரிக்ஸ்ல இருக்கே, வரிச் சலுகை கிடையாதா? லெசோத்தோ வழியா அனுப்பினா?

பிரிக்ஸ் வரி ஒப்பந்தம் அல்ல. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, லெசோத்தோ, நமீபியா, எஸ்வாத்தினி ஐந்தும் சேர்ந்த சாக்கு (SACU) சுங்க ஒன்றியத்துக்கும் இந்தியாவுக்கும் சலுகை ஒப்பந்தப் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது, முடிவாகவில்லை. அதனால் இந்தியாவின் சேம்பர் கொடுக்கும் பிறப்பிடச் சான்றிதழ் டூட்டியைக் குறைக்காது. எந்த நாட்டுச் சரக்கு என்று காட்ட மட்டும் அது.

லெசோத்தோ போன்ற மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு இந்தியா தனிச் சலுகை தருகிறது. அந்தச் சலுகை அங்கே உண்மையாகச் செய்த சரக்குக்கு. இங்கத்த ரீலை லெசோத்தோ தலைநகர் மசேரு வரை லாரியில் கொண்டுபோய் முத்திரை குத்தி அனுப்புவது மோசடி. பிடிபட்டால் டூட்டியோடு அபராதமும் வரும்.

12. பள்ளி நோட்டு சிவகாசியில அடிச்சா மலிவுங்கறாங்க. எதுல தப்பு நடக்கும்?

அளவில், கோட்டில், நாளில். அங்கே வழக்கமான கிங் சைஸ், லாங் சைஸ் நோட்டுகள் இங்கே பள்ளிப் பட்டியலில் இல்லை. இங்கே வேண்டியது ஏ4, ஏ5. கவுன்ட்டர் புக் என்றால் 1 குவயர் 96 பக்கம், 2 குவயர் 192, 3 குவயர் 288. கோடு "ஃபெயின்ட் அண்ட் மார்ஜின்" என்று கேட்பார்கள். சின்ன வகுப்புக்கு 17 மி.மீ. கோடு. இவற்றை வார்த்தையில் சொல்லாமல், இங்கே கடையில் வாங்கிய ஒரு நோட்டைக் கூரியரில் அனுப்பி, அதே மாதிரி அச்சிட்ட மாதிரியை வாங்கிப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள். ஜி.எஸ்.எம்.மைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். 54இல் அடித்தால் பால்பாயின்ட் அழுத்தம் மறுபக்கம் தெரியும். இங்கத்த ஆசிரியர்கள் திருப்பி அனுப்பச் சொல்வார்கள்.

நாள் கணக்கு நமக்குச் சாதகம், பலர் அதைக் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டில் பள்ளி ஜூனில் திறப்பதால் நோட்டு அச்சடிப்பு மே கடைசிக்குள் தணிந்துவிடும். இங்கே பள்ளி ஜனவரி நடுவில் திறக்கும், கடைகள் நவம்பரில் அடுக்கத் தொடங்கும். ஆகவே ஜூன், ஜூலையில் அடித்து, ஆகஸ்ட் கடைசிக்குள் ஏற்றிவிட வேண்டும். ஆடிப் பெருக்கன்று சிவகாசியில் புது ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியானதும் மெஷின்கள் அந்தப் பக்கம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு தீபாவளி விடுமுறை, அதன் கூடவே வடகிழக்குப் பருவமழை. அக்டோபரில் ஏற்றினால் மழையையும் கன்டெய்னருக்குள் ஏற்றியதாகிவிடும், 14ஐப் பாருங்கள்.

குறியீட்டில் ஒரு வார்த்தை: பள்ளிப் பயிற்சி நோட்டு 482020, டைரியும் பதிவேடும் 482010. கெட்டி அட்டைக் கவுன்ட்டர் புக் எதில் என்று தகராறு வரக்கூடும். பெரிய ஆர்டர் என்றால் முன்கூட்டியே சார்ஸிடம் டாரிஃப் தீர்மானம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

13. கோயிலுக்குக் காலண்டர், கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவழைக்கறோம். இதெல்லாம் எந்தக் கணக்கு?

காலண்டர், தினசரி கிழிக்கும் வகை உட்பட, 4910. திருமண அழைப்பிதழ் 4909. அதோடு வரும் உறையும் அதிலேயே அடங்கும். வெறும் உறை மட்டும் தனியே வந்தால் 4817.

காலண்டரில் சுங்கத்தைவிட உள்ளடக்கத்தில்தான் இடறல். அச்சகம் தன்னிடம் உள்ள இந்திய விடுமுறைகளையே போட்டுவிடும். ஏப்ரல் 27, ஜூன் 16, ஆகஸ்ட் 9, செப்டம்பர் 24, டிசம்பர் 16 என்று நம் பட்டியலை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஞாயிறில் விழும் விடுமுறைக்குத் திங்களும் சிவப்பு. திதி, நட்சத்திரம் முடியும் நேரத்தில் மூன்றரை மணி நேரத்தைக் கழித்தால் போதும். ராகு காலம், எமகண்டம் அப்படிக் கழித்து வராது, அவை உள்ளூர்ச் சூரிய உதயத்தைப் பொறுத்தவை. நமக்குத் தை மாதம் கோடை, பகல் நீளம். டர்பனுக்கென்று கணித்த பஞ்சாங்கத்தை வாங்கிக் கொடுங்கள், அல்லது அந்தப் பத்தியையே விட்டுவிடச் சொல்லுங்கள்.

14. கன்டெய்னரைத் திறந்தா காகித ஓரமெல்லாம் அலை அலையா இருக்கு. மில் தப்பா, கப்பல் தப்பா?

முதலில் எப்படி வளைந்திருக்கிறது என்று பாருங்கள். ஓரம் அலையலையாக, நடு தட்டையாக இருந்தால் காகிதம் காற்றைவிட உலர்ந்திருந்து ஓரத்தில் ஈரம் குடித்திருக்கிறது. இது டர்பனில் கோடையில் வரும். ஓரம் இறுகி, தாள் கிண்ணம் போலக் குழிந்தால் எதிர்மாறு: காகிதத்தில் ஈரம் அதிகம், காற்று உலர்ந்தது. இது ஜோகன்னஸ்பர்க்கில் குளிர்காலத்தில் வரும். கூடவே தாள்கள் மின்னேற்றத்தில் ஒட்டிக்கொண்டு மெஷினில் இரண்டிரண்டாகப் போகும். இரண்டுக்கும் ஒரே முன்னெச்சரிக்கைதான்: மேலுறையைப் பிரிக்காமல் அச்சு அறையிலேயே 24 முதல் 48 மணி நேரம் வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் பிரிப்பது.

கன்டெய்னருக்குள் கூரையிலிருந்து சொட்டிய கறை வட்டமாக மேல் பெட்டிகளில் இருக்கும். பகல் சூட்டில் எழும் ஈரம் இரவுக் குளிரில் கூரையில் படிந்து சொட்டுவது அது. ஈரமான பேலட் மரமே பெரும்பாலும் காரணம். ஏற்றும்போது பேலட் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் உறிஞ்சும் பைகள் தொங்க வேண்டும், மேல் அடுக்குக்கு மேல் கிராஃப்ட் தாள் விரித்திருக்க வேண்டும். பேலட்டில் சூடேற்றிப் பதப்படுத்திய முத்திரையும் வேண்டும். மர உட்புறம் 56 டிகிரியில் 30 நிமிடம் என்பது சர்வதேச விதி. முத்திரை இல்லாத மரம் டர்பனில் நிறுத்தப்படும். மாறாக, தரையிலிருந்து மேலேறிய கறை என்றால் வெள்ளம் அல்லது ஓட்டைக் கன்டெய்னர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பகுதிக் களங்களில் அப்படி நனைந்த சரக்கு ஏராளம். எதுவானாலும் இறக்கும் முன் கதவைத் திறந்த நிலையில் படம் எடுத்து, சர்வேயரைக் கூப்பிட்டு, அதற்குப் பிறகு தொடுங்கள். இறக்கி அடுக்கிய பிறகு காப்பீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

15. இங்கேயிருந்து கழிவுத்தாள் அனுப்பலாமா? அங்கே நல்ல விலைன்னு கேள்வி.

தேவை அங்கே உண்மை. இங்கே மிச்சம்தான் குறைவு. தென்னாப்பிரிக்கா திரட்டக்கூடிய காகிதத்தில் பாதிக்கும் மேலானதை ஏற்கனவே திரட்டுகிறது, எம்பாக்ட் போன்ற உள்ளூர் ஆலைகள் அதை வாங்கிக்கொள்கின்றன. உள்ளூர் விலை விழும் மாதங்களில்தான் ஏற்றுமதி கட்டுபடியாகும், கப்பல் கூலியும் அப்போது குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக வருவது அபூர்வம். அனுப்புவதானால் பழைய பெட்டி, வெள்ளை அலுவலகத் தாள், செய்தித்தாள் என்று வகை பிரித்துக் கட்டுங்கள். கலப்பாக அனுப்பி, நடுவே பிளாஸ்டிக்கோ வீட்டுக் குப்பையோ கிடைத்தால் இந்தியத் துறைமுகத்தில் சரக்கு நிற்கும், திருப்பி எடுக்கும் செலவு உங்கள் தலையில்.

16. இங்கத்த ஏ4, கிராஃப்ட் ரீல் எல்லாம் இந்தியாவுக்கு அனுப்ப என்ன தடை?

தடை இல்லை, படிகள் உண்டு. 2022 அக்டோபர் 1 முதல் 48ஆம் அத்தியாயத்தின் 201 சரக்கு எண்களுக்கு அங்குள்ள இறக்குமதியாளர் முன்பதிவு செய்து எண் வாங்க வேண்டும். சரக்கு வரும் நாளுக்கு 75 நாள் முன்பிருந்து 5 நாள் முன்புவரை பதியலாம். கப்பல் கொழும்பிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டால் அந்த ஐந்து நாள் தவறிவிடும்; சரக்கு ஏறிய அன்றே பதியச் சொல்லுங்கள்.

நகல் காகிதத்துக்கு இன்னொரு வேலி. அங்கே அது தரக்கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகிறது, ஐ.எஸ். 14490 தரத்துக்கு உற்பத்தி ஆலையே இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும், வணிகர் வாங்க முடியாது. மில்லிடம் உரிமம் இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. கிராஃப்ட்டுக்கும் கூழுக்கும் இந்தத் தொல்லை இல்லை. இங்கிருந்து போவதில் நார் வகையே மேலோங்கி இருப்பதற்கு மரத்தோடு இதுவும் ஒரு காரணம்.

17. ஆன்டி-டம்பிங் வந்துருச்சுன்னா என்ன பண்றது?

சொந்த நாட்டு விலையைவிடக் குறைத்து வெளிநாட்டில் தள்ளும் சரக்கின் மேல் போடும் கூடுதல் வரி அது. காகிதத்தில் அரிதல்ல. பூச்சில்லாத காகிதத்தின் மேல் தென்னாப்பிரிக்கா போட்ட டம்பிங் எதிர்ப்பு வரியை எதிர்த்து 2008இல் இந்தோனேசியா உலக வணிக அமைப்புக்குப் போனது. இந்தியா 2018இல் இந்தோனேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர் நகல் காகிதத்தின் மேல் போட்டது. போக்கைப் பார்க்கிறவருக்கு இதில் ஒரு பாடம்: ஒரு நாட்டின் மேல் வரி விழுந்த மறு ஆண்டு வேறொரு நாட்டின் எண் துள்ளும். அந்தத் துள்ளலை அந்த நாட்டின் திறமை என்று எடுத்துக்கொண்டு ஒப்பந்தம் போடாதீர்கள். வியாபாரிக்கோ, விசாரணை தொடங்கும் அறிவிப்பே எச்சரிக்கை. கடலில் இருக்கும் சரக்குக்கு யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

18. ஈ.பி.ஆர். கட்டணம்னு ஒரு பில் வந்திருக்கு. நான் காகிதம் செய்யறவனே இல்லையே?

ஈ.பி.ஆர். என்றால் பொருள் கழிவான பின்னும் உற்பத்தியாளருக்கு உள்ள பொறுப்பு. இறக்குமதி செய்கிறவரும் சட்டத்தின் பார்வையில் உற்பத்தியாளர்தான். 2021 மே 5 முதல் காகிதம், பொதிவகைகளைச் சந்தையில் இறக்குகிறவர்கள் சுற்றுச்சூழல் துறையில் பதிந்து, மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும். காகித வகைக்கு ஃபைபர் சர்க்கிள் போன்ற அமைப்பில் சேர்ந்து டன் கணக்கில் கட்டணம் கட்டுவது வழக்கம். நோட்டு வந்த அட்டைப்பெட்டியும் பொதிவகைக் கணக்கில் வரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். எடையை வகை வாரியாகச் சப்ளையரின் பேக்கிங் லிஸ்டிலேயே வாங்கிவிட்டால் ஆண்டுக் கடைசியில் பெட்டியைத் தராசில் வைக்க வேண்டியதில்லை.

19. சப்ளையர் 4802ங்கறார், ஏஜென்ட் 4810ங்கறார். யாரை நம்பறது?

இருவரையும் விட்டுவிட்டு ஆலையின் தரத்தாளை நம்புங்கள். கேட்க வேண்டியவை: ஜி.எஸ்.எம்., தாளா ரீலா, பக்க அளவுகள் மி.மீ.யில், கயோலின் அல்லது கால்சியம் கார்பனேட் பூச்சு உண்டா, ஒரு பக்கமா இரு பக்கமா, இயந்திரமுறைக் கூழ் (மரத்தை அரைத்து எடுப்பது) எத்தனை விழுக்காடு. பூச்சு இருந்தால் 4810. பூச்சு இல்லாமல், இயந்திரமுறைக் கூழ் 10 விழுக்காட்டுக்கு மேல் போகாமல், 40 முதல் 150 ஜி.எஸ்.எம்.க்குள், ஒரு பக்கம் 435, மறுபக்கம் 297 மி.மீ.க்கு மிகாத தாள் என்றால் 480256. அதே காகிதம் பெரிய தாளாக வந்தால் 480257, ரீலாக வந்தால் 480255. இயந்திரமுறைக் கூழ் 10ஐத் தாண்டினால் வேறு பிரிவு. இரசாயன முறையில் செய்த சக்கைக் கூழ் இயந்திரமுறைக் கூழில் சேராது. கரூர் காகிதத்தைப் பற்றி வரும் வாக்குவாதம் பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான்.

தரத்தாளில் இந்த விவரம் இல்லாமல் "மேப்லித்தோ" என்ற சந்தைப் பெயரை மட்டும் எழுதியிருந்தால் சரக்கை ஏற்றச் சொல்லாதீர்கள். அந்தப் பெயரை வைத்து டர்பன் சுங்க அதிகாரி எதையும் முடிவு செய்ய முடியாது. மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார், அதுவரை கன்டெய்னர் நாள் வாடகையில் நிற்கும்.